குளத்து முறைக்கு ஐந்து புதிய வசதிகள்

அன்று குளக்கரையில் இருந்தவர்கள்: ஒரு புள்ளிமான், அதன் குட்டி, இரண்டு குரங்குகள், ஒரு மயில், ஒரு மைனா, ஒரு முள்ளம்பன்றி, ஒரு கழுதைப்புலி. ஆக எட்டுப் பேர். சிறுத்தை வரவில்லை. அதை யாரும் அழைக்கவும் இல்லை.

கோடையில் குளம் சுருங்கிவிட்டது. அதனால் சிறுத்தை உட்பட எல்லோரும் முறை வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். தினமும் விடியும்போது மைனா ஒவ்வொருவரிடமும் பறந்து போகும். "இன்று உன் நேரம் இது" என்று காதோடு சொல்லும். நேரம் நாளுக்கு நாள் மாறும். ஒருவர் நேரம் இன்னொருவருக்குத் தெரியாது. ஆகவே சிறுத்தையால் யாருக்காகவும் பதுங்கிக் காத்திருக்க முடியவில்லை.

"அடுத்த கோடைக்குள் இந்த ஏற்பாட்டை இன்னும் நன்றாக்க வேண்டும்! யோசனைகளைச் சொல்லுங்கள்!" என்றது மைனா.

ஒரே ஆரவாரம்! ஒரு யோசனைக்கு ஒரு கூழாங்கல் என்று முள்ளம்பன்றி பாறைமேல் அடுக்கத் தொடங்கியது.

"எனக்கு மறந்து மறந்து போகிறது. நேரம் நெருங்கும்போது இன்னொரு தடவை சொல்லேன்!" என்றது பெரிய குரங்கு.

"முறையை மாற்றிக்கொள்ள விடுங்கள்! யாருக்கு எப்போது என்று தெரிந்தால் பேசி மாற்றிக்கொள்வேன்!" என்றது சின்னக் குரங்கு.

"மேகம் கறுத்தால் எனக்குக் கூடுதல் நேரம்! குளக்கரையில் நின்று அகவிவிட்டு ஆடுவேன்!" என்றது மயில்.

"நீ ஆடி முடிப்பதற்குள் எங்களுக்கு நாக்கு வறண்டுவிடும், அண்ணே!" என்றது சின்னக் குரங்கு. எல்லோரும் சிரித்தார்கள்.

மான் தயங்கித் தயங்கிப் பேசியது. "முன்னால் போனவர் தாமதித்தால் எனக்கு மெதுவாகத் தெரிவித்தால் போதும். நேற்று நானும் குட்டியும் வந்தபோது சிறுத்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. ஓடித்தான் பிழைத்தோம்."

"அதை அப்புறம் பார்ப்போம்!" என்று கழுதைப்புலி குறுக்கே விழுந்தது. "என் யோசனையைக் கேளுங்கள்! மைனா இந்த மரத்து உச்சியில் உட்காரட்டும். எல்லோர் பெயரையும் நேரத்தையும் உரக்கக் கூவட்டும். காடு முழுவதும் கேட்கட்டும்! ஒருவருக்கும் மறக்காது!"

"ஆகா! பிரமாதம்!" என்று குரங்குகள் துள்ளின. மைனாவுக்கும் உச்சிக்கிளை ஆசை வந்துவிட்டது. ஐந்தாவது கல் பாறைமேல் ஏறியது.

மான் குட்டியை அணைத்துக்கொண்டது. சிறுத்தை வேட்டையாடினால் மிச்சம் தின்பது இந்தக் கழுதைப்புலிதான் என்பது அதற்குத் தெரியும். ஆனால் யார் கேட்பார்கள்?

"சரி, அண்ணே. இப்போதே கூவிப் பார்ப்போம். யோசனை சொன்ன உங்களிடமிருந்தே தொடங்கலாமே!" என்றது மான்.

மைனா உச்சிக்குப் பறந்தது. "கேளுங்கள்! இன்று வெயில் சாயும்போது கழுதைப்புலி குளத்துக்கு வரும்! அப்போது அதன் குகை காலி..."

"ஐயோ, நிறுத்து!" என்று கழுதைப்புலி அலறியது. "சிறுத்தை காதில் விழுந்தால் என் குகைக்குள் நுழைந்து பார்க்கும்!"

"பார்த்தால் என்னவாம்?" என்றது முள்ளம்பன்றி.

சிறுத்தை பாதி தின்று வைத்திருந்த காட்டுப்பன்றியை முந்தின நாள்தான் கழுதைப்புலி தன் குகைக்கு இழுத்துப் போயிருந்தது.

"உங்கள் நேரத்தைக் கேட்டுச் சிறுத்தை வரும் என்றால், என் குட்டியின் நேரத்தைக் கேட்டு வராதா?" என்றது மான்.

மைனா வெட்கத்துடன் கீழே இறங்கியது.

கழுதைப்புலி வாலை இடுக்கிக்கொண்டு நழுவியது. முள்ளம்பன்றி அதன் கல்லைத் தண்ணீரில் தள்ளியது. பிறகு ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, "இதனால் ஒருவர் நேரம் சிறுத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டது. மயிலின் அகவல் தெரிவித்துவிடும். முறை மாற்றும் பேச்சும் தெரிவித்துவிடும். அந்த இரண்டும் தண்ணீரில் விழுந்தன. சின்னக் குரங்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

காதோடு நினைவூட்டும் யோசனை நிலைத்தது. தாமதத்தை மெதுவாகத் தெரிவிப்பதும் நிலைத்தது. அன்று மாலையே மைனா மானிடம், "கொஞ்சம் பொறு, சிறுத்தை இன்னும் போகவில்லை" என்றது. மான் பொறுத்தது. குட்டி பயமில்லாமல் வயிறு நிறையக் குடித்தது.

புதிய வசதியைச் சேர்க்கும்முன், அது நமக்கு எவ்வளவு உதவும் என்பதோடு, நமக்குத் தீங்கு நினைப்பவருக்கு எவ்வளவு உதவும் என்றும் பார்க்க வேண்டும்.

பாறைமேல் மிஞ்சிய கற்கள் இரண்டு.