வெர்னியாக் காவலர்கள் கையும் களவுமாகப் பிடித்தது

ரோமப் பேரரசில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களைப் பற்றி எழுத ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு வாய்த்தவர்கள் வெர்னியா என்ற சிற்றூரில் காவல் காத்த மூன்று சிப்பாய்கள். மூத்தவன் பல்பஸ், மூத்தவன் என்பதாலேயே தலைமை. அடுத்தவன் நாசோ, பசி தாங்கமாட்டான். மூன்றாமவன் பிளாங்கஸ், வெகுநேரம் யோசித்துவிட்டு, மற்றவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்லுவான்.

கிறிஸ்துவை வணங்கும் கூட்டம் அப்போதுதான் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. சக்கரவர்த்தியின் சிலைக்குச் சாம்பிராணி போடமாட்டோம் என்று அவர்கள் சொன்னதில் அரசாங்கத்துக்குக் கோபம். பிடிபட்டால் சுரங்கத்தில் கல் உடைக்க வேண்டும். சிலரை அவ்வளவு தூரம்கூட அனுப்புவதில்லை, உள்ளூரிலேயே கொன்றுவிடுவார்கள்.

வெர்னியாவின் அதிகாரி குர்த்தியஸ் ஒருநாள் நகரத்துக்குப் புறப்பட்டார். போகும்போது மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "ரொட்டி சுடுகிறாளே செகுந்தா, அவள் வீட்டில்தான் அந்தக் கூட்டம் கூடுகிறதாம். அவள்மேல் ஒரு கண் இருக்கட்டும். கூடும்போது கையும் களவுமாகப் பிடித்து வையுங்கள். நான் வந்து விசாரிக்கிறேன்."

அவர் வண்டி மறைந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"நம்மகிட்ட மொத்தம் எத்தனை கண் இருக்கு?" என்றான் பல்பஸ்.

நாசோ தொட்டுத் தொட்டு எண்ணினான். "ஆறு."

"அதிகாரி கேட்டது ஒண்ணு. அஞ்சு அதிகம்."

பிளாங்கஸ் யோசித்துவிட்டு, "அஞ்சு அதிகம்" என்றான்.

எனவே பல்பஸின் வலது கண்ணை மட்டும் விட்டுவிட்டு, மற்ற ஐந்தையும் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஒருவன் இடுப்புவாரை ஒருவன் பிடித்துக்கொண்டு செகுந்தாவின் கடைக்குப் போனார்கள். பல்பஸ் படியைப் பார்த்து ஏறினான். பின்னால் வந்தவர்கள் பார்க்காமல் ஏறினார்கள். பிளாங்கஸ் மாவுத் தொட்டிக்குள் விழுந்தான்.

செகுந்தா ஐம்பது வயதுக்காரி, விதவை. அவனைத் தூக்கி நிறுத்தி, முகத்து மாவைத் துடைத்துவிட்டாள். "மூணு பேருக்கும் கண் வலியா தம்பி?"

"இல்லே அக்கா, உத்தியோகம்" என்றான் பல்பஸ். "உங்கமேல ஒரு கண் வெச்சிருக்கோம். நீங்க எல்லாரும் கூடும்போது பிடிக்கணும். எப்போ கூடுவீங்க?"

செகுந்தாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்" என்றாள். மூவருக்கும் சூடாக ஒரு ரொட்டி கொடுத்து அனுப்பினாள்.

அன்று மாலை அவள் ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னபோது, ஓடிவிடலாம் என்றார் செருப்புத் தைக்கும் கிழவர். "எங்கே ஓடுறது? ஊருக்கு ரொட்டி யார் சுடுவா?" என்றாள் செகுந்தா. சொல்லிவிட்டாளே தவிர, மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு விடிந்தது. பதினெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். மெல்லிய குரலில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. பாட்டு நின்றது. ஒரு தாய் தன் குழந்தையை முந்தானைக்குள் மறைத்தாள். பிடிப்பதற்கு ஒரு கண் போதாது என்று, கண்கட்டை அவிழ்த்துவிட்டு மூவரும் உள்ளே வந்தார்கள்.

"எல்லாரும் கையை நீட்டுங்க" என்றான் பல்பஸ்.

நீட்டினார்கள். கல் குவாரியில் ஒரு கையை இழந்த ஒருவர் இருந்ததால் முப்பத்தைந்து கைகள்.

"கை இருக்கு" என்றான் பல்பஸ். "களவு எங்கே?"

"களவா?" என்றாள் செகுந்தா.

"கையும் களவுமாத்தான் பிடிக்கணும்னு உத்தரவு. வெறும் கையா பிடிச்சா அதிகாரி ஏசுவார். யாராவது ஏதாவது திருடுங்களேன். சின்னதா இருந்தாலும் போதும்."

"திருடக் கூடாதுன்னு எங்களுக்குக் கட்டளை தம்பி."

"எங்களுக்கும் கட்டளைதானே அக்கா. கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?"

யாரும் அனுசரிக்கவில்லை. வெகுநேரம் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நாசோவுக்குப் பசி. கடைசியில் மேசைமேல் இருந்த ரொட்டி ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் செருகினான்.

பல்பஸ் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "கை. இதோ களவு. பிடிச்சாச்சு."

பிளாங்கஸ் யோசித்துவிட்டு, "பிடிச்சாச்சு" என்றான்.

பதினெட்டுப் பேரும் அவனை மன்னித்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். மன்னிக்கத் தனக்கு உத்தரவில்லை என்று பல்பஸ் மறுத்துவிட்டான். நாசோ சிறைக்குப் போனான். செகுந்தா தினமும் இரண்டு வேளை அவனுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் குர்த்தியஸ் திரும்பினார். "பிடித்தீர்களா?"

"கையும் களவுமா பிடிச்சாச்சு ஐயா."

சிறைக்கதவைத் திறந்தார்கள். உள்ளே நாசோ கொஞ்சம் சதை போட்டிருந்தான். குர்த்தியஸ் அவனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து, நடந்ததை முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "அந்தப் பதினெட்டுப் பேரையும் சதுக்கத்துக்குக் கூப்பிடுங்கள். சிலைக்குச் சாம்பிராணி போடச் சொல்லுங்கள். போடாத ஆளை உள்ளே தள்ளுங்கள். யாராக இருந்தாலும் சரி, என்னை வந்து கேட்காதீர்கள்." வழிப்புழுதி போகக் குளிக்கச் சென்றார்.

பதினெட்டுப் பேரும் வந்தார்கள். போடமாட்டோம் என்று அமைதியாகச் சொன்னார்கள்.

"உள்ளே தள்ளணும்" என்றான் நாசோ. "எதுக்குள்ளே?"

"அதைச் சொல்லலியே" என்றான் பல்பஸ்.

"கேக்கவும் கூடாதுன்னுட்டார். அப்போ பக்கத்துல எந்த உள்ளே இருக்கோ, அதான்."

பக்கத்தில் இருந்தது செகுந்தாவின் வீடு. பதினெட்டுப் பேரையும் வலிக்காமல் அதற்குள்ளே தள்ளி, வெளித்தாழ்ப்பாள் போட்டார்கள்.

தலை துவட்டியபடி குர்த்தியஸ் வந்தார். "எல்லாரையும் தள்ளியாச்சா?"

"ஆச்சு ஐயா. நீங்க சாம்பிராணி போட்டீங்களா?"

"நான் எதற்குடா போட வேண்டும்?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாராக இருந்தாலும் சரின்னு சொன்னாரே" என்றான் பல்பஸ் வருத்தத்தோடு. குர்த்தியஸும் உள்ளே போனார்.

இப்போது விசாரிக்க ஆளில்லை. ஒருவரையாவது நகரத்தில் ஆளுநரிடம் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. யாரை? அதிகம் கத்துகிறவரை. அதில் போட்டியே இருக்கவில்லை.

நகரம் ஒரு பகல் நடை. போய்ச் சேரும்போது குர்த்தியஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது, காற்றுதான் வந்தது. ஆளுநர் ஒரு வழக்குக்கும் அடுத்த வழக்குக்கும் நடுவில் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"என்ன குற்றம்?"

"சாம்பிராணி போடல ஐயா."

"கூட யாராவது உண்டா?"

"பதினெட்டுப் பேர். அவங்க பாட்டுக்கு வீட்டுல இருக்காங்க."

"வீட்டில் இருப்பவர்களைப் பற்றி என்னிடம் எதற்கு? அவர்களை விட்டுத் தள்ளு. இவரைப் போடச் சொல்."

குர்த்தியஸ் ஒரு சிட்டிகை போடவில்லை. இரண்டு கையாலும் அள்ளி நெருப்பில் கொட்டினார். மண்டபம் முழுக்கப் புகை. தூண்களைத் தடவிக்கொண்டு வழக்கறிஞர்கள் வெளியே ஓடினார்கள்.

"போதும்" என்று இருமினார் ஆளுநர். "இவருக்கு விடுதலை. பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள்."

மறுநாள் ஒரு பகல் திரும்ப நடந்தார்கள். வெர்னியாவுக்குள் நுழைந்ததும் குர்த்தியஸ் தன் வீட்டைக் கையால் காட்டினார்.

"அங்கே உங்களைப் பிடிக்கலியே ஐயா" என்றான் பல்பஸ்.

செகுந்தாவின் வீட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, ஆளுநர் விடச் சொன்ன பதினெட்டுப் பேரையும் வெளியே விட்டு, அவரை மரியாதையாக உள்ளே விட்டார்கள்.

"உங்களுக்கு விடுதலை ஐயா" என்று வணங்கிவிட்டு, பல்பஸ் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டான்.