எடை ஏறாத கல்யாணம்

ஆலம்பாளையத்து வெல்ல மண்டியில் எதையும் தராசில் வைக்காமல் நம்பமாட்டார்கள். முதலாளி வெள்ளியங்கிரி மாப்பிள்ளையைக்கூட நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றினார். அவ்வளவு ஒழுங்கான மனுசர்.

அவருடைய மகளின் கல்யாண வீடியோ மண்டியின் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. தாலி கட்டும் இடம் வந்தால் தினமும் ஒரு பாட்டம் அழுவார். இப்போது உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் சம்பந்தியம்மா வீடியோ பார்க்க வருகிறார். மனுசருக்குக் கை கால் ஓடவில்லை.

டவுன் கம்ப்யூட்டர் கடைக்காரர் இருபது மடங்கு பெரிய டிஸ்க்கைக் கொடுத்துச் சொன்னார்: "உடம்புல இருக்கற கரண்டு எறங்க, இரும்பைத் தொட்டுட்டு இதைத் தொடுங்க. பழசுல இருக்கறதை இதுக்கு மாத்துங்க. சரிபார்க்காமப் பழசை அழிச்சுடாதீங்க."

எடைபோடும் பொன்னய்யன் ரெண்டையும் தராசில் வைத்தான். பழசு அறுநூறு கிராம், புதுசும் அறுநூறு கிராம்.

"ஏமாத்திப்புட்டானுங்க! இருபது மடங்குன்னா பன்னெண்டு கிலோ இருக்கோணுமே!"

"காலி சாக்கு எடை நிக்குமாடா? கல்யாணம் உள்ள எறங்கட்டும்" என்றார் வெள்ளியங்கிரி. முதலாளின்னா சும்மாவா!

இரும்புன்னா வாசல் கேட்டுதான். மூட்டை தூக்கும் சென்னியப்பன் ஒரு கையால் கேட்டைப் பிடித்தால் இன்னொரு கை கம்ப்யூட்டருக்கு எட்டவில்லை. கம்ப்யூட்டரையே கேட்டடிக்குத் தூக்கி வந்து மாட்டினார்கள். வெளியே வெல்ல லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

மாற்றி முடித்து, கழற்றி நிறுத்தார்கள். அதே அறுநூறு.

"தாலிக்கயிறுகூட எறங்கலீங்க முதலாளி."

மறுபடி மாற்றினார்கள். அதையே அஞ்சு தடவை செய்தும் முள் அசையவில்லை. "ஐநூறு பேர் வந்த கல்யாணம்டா! என் பொண்ணு எங்கடா போனா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் வெள்ளியங்கிரி. பாவம், நிஜமாகவே கண்ணீர் வந்தது.

இதற்குள் லாரிக்காரன் சத்தம் தாங்காமல் சென்னியப்பன் போய் வெல்லம் இறக்கிவிட்டு வந்தான். கை முழுக்கப் பாகு. இரும்பைத் தொடச் சொன்னார்களே தவிர கையைக் கழுவச் சொல்லவில்லையே! கேட்டைத் தொட்டான், டிஸ்க்கை எடுத்துத் தராசில் வைத்தான்.

அறுநூத்து இருபது!

"எறங்கிருச்சுங்கோ!"

"இருபது கிராம்தானாடா?"

"பந்திக்கு முன்னால எடுத்த வீடியோங்க. எல்லாருக்கும் வெறும் வயிறு" என்றான் பொன்னய்யன். முதலாளிக்கு மனசு ஆறியது. சரிபார்த்தாகிவிட்டது என்று பழசை நிம்மதியாக அழித்தார்கள்.

சம்பந்தியம்மா படியேறும்போது டிஸ்க் இன்னும் தராசில்தான் இருந்தது. சுவரோரமாக ஒரு பெரிய எறும்பு வரிசை ஒழுங்காக வந்து அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"முதலாளி, பந்திக்கு ஆளுக வந்துட்டாங்க!" என்று கத்தினான் பொன்னய்யன்.

வெள்ளியங்கிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எறும்புகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க! என்னடா வேடிக்கை பார்க்கறீங்க? பொண்ணு வீட்டுக்காரங்க நாம! எலையைப் போடுங்கடா!"