அனுப்பியது போலவே திருப்பி அனுப்பவும்

ஏமாங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். கொசு ஒழிக்க வந்த அதிகாரி, 'தண்ணீரை எப்போதும் மூடியே வையுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனதற்காக ஊர்க் குளத்தையே தார்ப்பாய் போட்டு மூடியவர்கள். மாடுகள் தாகத்தில் கத்தியபோதும் அவர்கள் தார்ப்பாயை எடுக்கவில்லை. அதிகாரி மறுபடி வரட்டும் என்று மாடுகளுக்குச் சமாதானம் சொன்னார்கள்.

அந்த ஊரில் சென்னியப்பன், நாச்சாத்தா என்று ஒரு தம்பதி. ஒரே மகள் சாந்தாமணி கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு நிதின் என்று ஒரு பையன், தக்ஷிதா என்று ஒரு பெண். கோடை லீவு விட்டதும் இரண்டும் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டுக்கு வந்துவிடும். மற்ற மாதமெல்லாம் கிழவனும் கிழவியும் காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே காலம் தள்ளுவார்கள்.

இந்த வருஷம் சாந்தாமணி காரை விட்டு இறங்கும்போதே முறைத்துக்கொண்டு இறங்கினாள். கையில் ஒரு பை. பைக்குள் இரண்டு புது யூனிஃபார்ம்.

"அப்பா, போன லீவுக்கு முன்னாலயே யூனிஃபார்ம் தெச்சு வெச்சிருந்தேன். இங்கிருந்து திரும்பி வந்து போட்டுப் பாத்தா ரெண்டு பேருக்கும் பத்தல. உங்க மாப்பிள்ளை என்னைய என்ன பேச்சுப் பேசினாரு தெரியுமா? இந்தத் தடவ நான் எப்படி அனுப்பறனோ அப்படியே திருப்பி அனுப்போணும். வெயில்ல உடக்கூடாது. கெளம்பறப்ப இதையப் போட்டுப் பாத்துத்தான் அனுப்போணும். சரியா இல்லீன்னா அடுத்த வருசம் புள்ளைங்க இங்க வராது."

கார் போய்விட்டது. நாச்சாத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங், இதுக ரெண்டும் வராட்டி அடுத்த வருசம் நான் யாருக்குங் முறுக்குச் சுடறது?"

"அழுவாத. சொன்னதச் சொன்னபடி செஞ்சா ஏன் வராது?" என்றார் சென்னியப்பன்.

முதலில் வெயில். வீட்டுக்குள் பூட்டி வைக்கும்படி மகள் சொல்லவில்லை. வெயிலில் விடக்கூடாது என்றுதான் சொன்னாள். ஆகவே கயிற்றுக் கட்டிலைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முன்னால் சென்னியப்பனும் பின்னால் நாச்சாத்தாவும் நடந்தார்கள். நடுவில், நிழலில், பிள்ளைகள். பிள்ளைகள் கோழியைத் துரத்தினால் கட்டிலும் கோழியைத் துரத்தியது. ஒரு வாரத்தில் பிள்ளைகள் வந்த நிறத்திலேயே இருந்தார்கள். கட்டிலுக்கு வெளியே இருந்த இரண்டு பேரும் அடுப்புக் கரியாகிவிட்டார்கள்.

பாதி லீவில் ஒரு சந்தேகத்துக்கு யூனிஃபார்மைப் போட்டுப் பார்த்தார்கள். நிதினின் கால்சட்டை கணுக்காலை விட்டு மேலே ஏறியிருந்தது. நாச்சாத்தா நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் பால் சொசைட்டிக்குப் போயிற்று. அங்கேதான் ஏமாங்குளத்தின் மூளை இருந்தது. சொசைட்டிச் செயலாளர் கொழந்தவேலு ரூபத்தில். பால் வண்டி வரும்வரை அவர் ஊருக்காக யோசிப்பார். பக்கத்தில் டெய்லர் அர்த்தனாரி, எதைச் சொன்னாலும் அளவு பார்க்கிற ஆள்.

"தென்னம்புள்ள எப்படி வளருது?" என்று ஆரம்பித்தார் கொழந்தவேலு.

"தண்ணி உடறோம், வளருதுங்" என்றார் அர்த்தனாரி.

"அப்ப தண்ணிய நிறுத்திப்போட்டா?"

"கருகிப்போயிருமுங்."

"புள்ளைங்க கருக்கக் கூடாதுன்னும் சாந்தாமணி சொல்லியிருக்குதப்பா" என்று சென்னியப்பன் நினைவூட்டினார். சிக்கலான பிரச்சினைதான்.

கொழந்தவேலு மறுபடி ஆரம்பித்தார். "பானைக்குள்ள பூசணிப் பிஞ்ச உட்டா, பானையளவுக்குத்தான் காய்க்கும். புள்ளைங்க தூங்கறப்பத்தான் வளருது. டிரங்குப் பெட்டிக்குள்ள படுக்க வெய்யி."

பேரப்பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் தான் ருசி பார்க்கிறவர் சென்னியப்பன். ஆழம் தெரியாமல் காலை விடலாமா? பெட்டிக்குள் அவரே மடங்கிப் படுத்துப் பார்த்தார். படுக்க முடிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கொல்லன் வந்து பெட்டியை வெட்டி எடுக்கும்வரை நாச்சாத்தா அவருக்குப் பெட்டிக்குள்ளேயே காபி ஊற்றினாள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பார்கள் என்று அவளுக்குக் கவலை.

கடைசியில் வழி சொன்னவர் அர்த்தனாரி.

"அண்ணா, புள்ளைங்க வளர்றது தப்பில்லீங். யூனிஃபார்ம் கூடவே வளராம நிக்குது பாருங், அதுதான் தப்பு. ஏன் வளரல? புள்ளைங்க மூணு வேளையும் சோறு உங்குது. அது பைக்குள்ள பட்டினி கெடக்குது."

கொழந்தவேலு எழுந்து நின்று அர்த்தனாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றிலிருந்து யூனிஃபார்முக்கும் இலை போட்டார்கள். பேரனுக்கு ஒரு வாய், அவன் சட்டைக்கு ஒரு வாய். சட்டையின் வாய் எது என்று சிறு விவாதம் நடந்து, காலர்தான் என்று முடிவாயிற்று. நெய்ச் சோறு, கீரை, மாம்பழம் எல்லாம் போயிற்று. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தார்கள். நாச்சாத்தா ஓரவஞ்சனை பார்க்காதவள்; சட்டைக்கு ஊட்டிய பிறகுதான் தான் சாப்பிட்டாள்.

கிளம்புகிற நாள் நெருங்கியது. கறையோடு அனுப்பலாமா? அண்டாவில் சோடா உப்புப் போட்டு, யூனிஃபார்மை ஒரு பொழுது முழுக்கக் கொதிக்கவைத்து உலர்த்தினார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். உலர்ந்ததும் அது வந்ததில் முக்கால்வாசிதான் இருந்தது. நிதினின் தலை சட்டைக் கழுத்துக்குள் நுழையவே மறுத்தது.

"ஐயோ, இவ்வளவு ஊட்டியும் எளைச்சுப் போச்சே!" என்று அழுதாள் நாச்சாத்தா.

சென்னியப்பன் சொசைட்டிக்கு ஓடினார். இப்படியே பிள்ளைகளை அனுப்பினால் அடுத்த வருஷம் பிள்ளைகள் இல்லை. சொசைட்டி அவசரமாகக் கூடியது.

"சாந்தாமணி என்ன சொல்லுச்சு? யூனிஃபார்ம் சரியா இருக்கற புள்ளைங்கள அனுப்போணும். அவ்வளவுதான?" என்றார் கொழந்தவேலு. "ஊருக்குள்ள யாருக்குச் சரியா இருக்குதுன்னு பாரப்பா."

அர்த்தனாரியின் மகனுக்கும் மகளுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சாந்தாமணி அனுப்பும் காரில் போகலாம் என்றதும் இரண்டும் சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டன.

அர்த்தனாரிதான் தயங்கினார். "அண்ணா, என்ற சொந்தப் புள்ளைங்கள நான் எப்பங் பாக்கறது?"

"பேரன் பேத்தின்னா கோடை லீவுக்கு வந்துதானப்பா ஆகோணும்?" என்றார் சென்னியப்பன்.

அர்த்தனாரிக்கு மனம் நிறைந்துவிட்டது.

நிதின் மட்டும் அப்புச்சியின் வேட்டியை இழுத்தான். "அப்ப நாங்க பள்ளிக்கூடம் போக வேண்டாமா?"

"நீங்க வளந்துட்டீங்க சாமி. வளந்தவங்களுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?"

நிதினும் தக்ஷிதாவும் போட்ட சந்தோஷக் கூச்சலில் பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

கோயம்புத்தூரில் சாந்தாமணி பிள்ளைகளை நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தோள் சரி. இடுப்பு சரி. கால்சட்டை கணுக்காலில் கச்சிதம். அவள் கணவன் கைபேசியிலிருந்து அரைக்கண்ணை எடுத்து, "மூஞ்சி என்னமோ வேற மாதிரி இருக்குதே?" என்றான்.

"ஒரு லீவு முழுக்கக் கெராமத்துச் சாப்பாடு. மூஞ்சி மாறும். யூனிஃபார்ம் பொய் சொல்லுமா?" என்றாள். என்ன இருந்தாலும் ஏமாங்குளத்தில் பிறந்தவள்.

உடனே அப்பாவைக் கூப்பிட்டு, "அடுத்த வருசமும் அனுப்பறனுங்ப்பா" என்றாள். நாச்சாத்தா அன்றைக்கே முறுக்கு மாவு அரைக்கக் கிளம்பினாள்.

அடுத்த கோடை வந்தது. சொன்ன சொல் தவறாமல் சாந்தாமணி இரண்டு பேரையும் காரில் அனுப்பி வைத்தாள். அர்த்தனாரி டேப்போடு ஓடி வந்து தன் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட கையோடு அளந்தும் பார்த்தார். முகம் மாறியது. போன வருஷம் போட்டு அனுப்பிய கால்சட்டை முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது.

சென்னியப்பனுக்கு வந்த கோபத்தை ஊரே பார்த்தது. கைபேசியை வாங்கி மகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாங்க எப்படி அனுப்பினோம், நீ எப்படித் திருப்பி அனுப்பியிருக்க? யூனிஃபார்முக்கு ஒரு நாளாச்சும் சோறு போட்டியா?"

அந்தப் பக்கம் சாந்தாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போடலீங்ப்பா."

"அப்ப இனி லீவு முடிஞ்சு புள்ளைங்க அங்க வராது!"

சாந்தாமணி தேம்பித் தேம்பி அழுதாள். "அப்பா, அப்பா, இந்த ஒரு தடவ மட்டும் என்னைய நம்பி அனுப்புங்கப்பா. நான் புள்ளைங்களப் பட்டினி போட்டாலும் போடுவேன், யூனிஃபார்மப் பட்டினி போட மாட்டனுங்ப்பா!"