நரிமேட்டைக் காப்பாற்றிய உலகளந்தான்

வங்காரபுரி எம்மாம்பெரிய நாடு தெரியுமா! ஒரு கோடியில விதை போட்ட சேதி மறுகோடிக்குப் போறதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிடும். அத்தனை மண்ணையும் வெச்சுக்கிட்டு, அந்த ராஜா பக்கத்து நாட்டோட மல்லுக்கு நின்னது ஒரு பொட்டல் மேட்டுக்கு. நரிமேடுன்னு பேரு. அங்க நரி கூட கிடையாது.

மேட்டுக்குக் காவலா உலகளந்தானைப் போட்டார் ராஜா. பேருதான் உலகளந்தான், சொந்த வேட்டியை அளந்து கட்டத் தெரியாத ஆசாமி.

“வழக்கு தீர்ற வரைக்கும் நரிமேட்டு மண் ஒரு பிடி அந்தப் பக்கம் போச்சு, உன் தலை போச்சு!”

உலகளந்தான் ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டான். தலைன்னா அவனுக்கு உயிர்.

மேட்டுக்குப் போனா, பேய்க்காத்து. புழுதி கிளம்பி அந்தப் பக்கமே போகுது.

“ஐயையோ, போகுதுடா என் தலை!”

கூட்டாளி சங்கிலி தாடையைத் தடவினான். “அண்ணே, மண்ணு இங்க இருந்தாத்தானே போகும்?”

“அதானே! அள்ளிட்டுப் போயி ராஜா வீட்டுலயே குடுத்துட்டா?” என்றான் இன்னொரு கூட்டாளி தவசி.

மூணு பேரும் ராப்பகலா அள்ளினாங்க. யாத்திரை போயிருந்த ராஜா திரும்பினா, அரண்மனை முற்றத்துல, படுக்கையறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல நிக்குது நரிமேடு! உச்சியில கொடி நட்டு உக்காந்திருக்கார் பக்கத்து நாட்டுத் தூதர்.

“வழக்கு இந்த மண்ணு மேலதானே? சமையல்கட்டுக்குப் போகணும்னா எங்க ராஜாகிட்ட உத்தரவு வாங்கிட்டு வாங்க.”

ராஜாவுக்கோ அகோரப் பசி. “வெட்டுடா அந்த உலகளந்தான் தலையை!”

“ஒரு பிடி கூட போகலையே ராஜா!” உலகளந்தான் அழுதுகிட்டே மேட்டுல இருந்து இறங்கினான்.

தூதர் பாய்ஞ்சு வந்தார். “நிறுத்துங்க! அவன் ரெண்டு கால்லயும் ஒட்டியிருக்கிறது எங்க மண்ணு!”

“எங்க மண்ணு!” என்றார் ராஜா.

கடைசியில, தலை வங்காரபுரிக்கு, கால் வழக்குக்குன்னு ஆச்சு. தீர்ப்பு வரைக்கும் ரெண்டும் பிரியக் கூடாது, மண்ணும் உதிரக் கூடாது. தலை தப்பிச்சது! சங்கிலியும் தவசியும் அண்ணனைப் பூப்போல வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

வாசல்ல பொண்டாட்டி செம்புத் தண்ணியோட நின்னா. “காலைக் கழுவிட்டு உள்ள வாங்க.”

“ரெண்டு ராஜாவும் சம்மதிக்கணும்டி!”

“எந்த ராஜாவா இருந்தா எனக்கென்ன? கழுவாத காலு என் படி தாண்டாது.”

மூணு பேரும் கூடிப் பேசினாங்க. உலகளந்தானை வாசப்படியில குறுக்கே படுக்க வெச்சாங்க. தலை உள்ள, கால் வெளிய. சங்கிலியும் தவசியும் ஆளுக்கொரு காலுக்குக் காவல் உக்காந்தாங்க. பொண்டாட்டி சோத்தைப் பிசைஞ்சு ஊட்ட வந்தவ, அவன் வயித்தைப் பார்த்துக் கையை நிறுத்திட்டா.

“ஏங்க, இது எந்த நாட்டுல சேர்த்தி?”