ஈயமேட்டுக் கடுகு

மூடிப்போன ஈயச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மண்மேடு. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி உசந்தது. மழை பெய்தால் அந்த விஷம் ஊர்க் கிணற்றுக்கு இறங்கிவிடும். எத்தனையோ ஆடுகள் செத்தாயிற்று.

அந்த மேட்டில்தான் குரு உலகம்மை குடிசை போட்டார். கடுகு விதைத்தார். அவருடைய சீடர் சடையாண்டி, குருவை விட மூத்தவர். சுரங்கம் ஓடின காலத்தில் அந்தக் கழிவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினவரும் அவர்தான்.

புல்லே முளைக்காத மண்ணில் கடுகு இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்தது. அறுத்ததைப் போட்டு மூட சிமெண்டுக் குழி தயாராய் இருந்தது. சந்தோஷத்தில் சடையாண்டிக்குக் குழி எங்கே ஞாபகம் வரும்?

அந்த ஊரில் முதல் அறுப்பு அம்மனுக்கு. கீரையானால் கடைந்து படைத்து, ஊரே வாங்கித் தின்னும். சடையாண்டி ஒரு கட்டு அறுத்துத் தலையில் வைத்தார். முன்னால் மேளத்தை விட்டார். கிளம்பிவிட்டார்.

வழியில் குரு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை ஊர்வலமா?"

"மாப்பிள்ளை என் தலைமேல இருக்கார் தாயி!"

"இறக்குங்க."

"சாமிக்குப் போறதையா?"

"கடுகை எதுக்கு விதைச்சோம்?"

"மண்ணுல இருக்கிற ஈயத்தை உறிஞ்ச."

"உறிஞ்சிச்சா?"

"பின்னே! மண்ணுல குறைய ஆரம்பிச்சிருச்சுன்னு டவுன்ல சோதிச்சுச் சொன்னாங்களே!"

"குறைஞ்சது இப்போ எங்கே இருக்கு?"

சடையாண்டியின் கை மெல்லத் தலைமேல் இருந்த கட்டைத் தொட்டது. கோயில் வாசலில் பிள்ளைகள் தொன்னையோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கட்டை இறக்கினார்.

அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"சாமிக்கும் ஆகாது, ஆட்டுக்கும் ஆகாது. இந்தக் குப்பையையா தாயி நான் பிள்ளை மாதிரி வளர்த்தேன்?"

குரு குனிந்தார். கட்டைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு குழியைப் பார்த்து நடந்தார். மேளக்காரர்கள் மெதுவாய் நழுவினார்கள்.

"நீங்க எங்கே போறீங்க? முன்னால வாங்க. ஊருக்கே கேக்கணும், ஓங்கி அடிங்க."

"குழியில போடறதுக்கு மேளமா தாயி?"

குரு திரும்பினார்.

"ஊரைக் காத்து நின்னு செத்தவனுக்குப் படையல் போடுவோம் அண்ணாச்சி. அவனையே படையலாப் போடுவோமா?"