கையில்லாத கோட்டு

சமுதாயக் கல்லூரி முதல்வர் தணிகாசலத்துக்கு ஒரு கெட்ட வழக்கம். பஸ் தாமதமாகி வகுப்புக்குப் பிந்தும் பெண்களின் பேரைப் பதிவேட்டில் அடித்துவிடுவார். மிச்சப்பேர் படிப்பை முடித்ததும், "நூத்துக்கு நூறு!" என்று மார்தட்டுவார்.

தையல் படிக்கும் கைக்குழந்தைக்காரி பூவாயியும் ஒருநாள் பிந்தினாள்.

"பஸ்ஸைத் தோள்ல தூக்கிட்டா வரமுடியும் சார்?" என்று வெடித்தாள்.

"வாயாடுறியா? நாளைக்குக் கல்லூரியைச் சோதிக்க அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள எனக்குக் கோட்டு தை. இல்லேன்னா உன் பேரும் போச்சு!"

மறுநாள் அதிகாரி முன்னால் தணிகாசலம் கோட்டை மாட்டினார். இரண்டு கையுமே இல்லை!

"என்னடி இது?"

"பிந்திப்போன கையை அடிச்சிட்டேன் சார். மிச்சமெல்லாம் முடிச்சாச்சு. உங்க கணக்குப்படி நூத்துக்கு நூறு!"

அதிகாரி பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பக்கமெல்லாம் சிவப்புக் கோடு.

அன்றிலிருந்து அங்கே பேரை அடிப்பதில்லை. பஸ் வந்தபிறகு மணியைத்தான் அடிக்கிறார்கள்.