முத்திரை வர்றவரைக்கும் பொங்காதே

முன்னொரு காலத்துல பூழியன்னு ஒரு ராஜா புன்னை நாட்டை ஆண்டார். நல்ல மனுசன்தான். ஆனா காலையில என்ன தோணுதோ அதுதான் சட்டம். “என் முத்திரை போட்ட ஓலை வராம எந்த ஏரி மதகையும் திறக்கக் கூடாது”ங்கிறதும் அப்படி வந்ததுதான்.

ஐப்பசியில அடைமழை. பெரிய ஏரிக் கரை கசிய ஆரம்பிச்சது. காவல் இருந்த சிலம்பாயி, ஓலைக்கு ஆள் அனுப்பிட்டுக் காத்திருந்தா. வரல. திறந்துட்டா. கரைக்குக் கீழே இருந்த தெருவெல்லாம் பிழைச்சது, ராஜாவோட வாழைத்தோப்பு மூழ்கிடுச்சு.

சிலம்பாயியைச் சபையில கொண்டு வந்து நிறுத்தினாங்க. “நாடு கடத்துங்க அரசே!” என்றார் முத்திரை அதிகாரி காளத்தி. தனக்கு ஆகாத அமைச்சர் செங்கோடர் அவளுக்காகப் பேசுவார்னு அவருக்குத் தெரியும். அதுக்காகவே இன்னும் சத்தமா சொன்னார்.

ராஜா மடியில இளவரசி பசியில அழுதுட்டு இருந்தா.

“முதல்ல குழந்தைக்குப் பால்” என்ற செங்கோடர், சபையிலேயே அடுப்பு வைக்கச் சொல்லி, தானே பக்கத்துல நின்னார். பால் நுரைச்சு ஏறுச்சு.

“யோவ், பொங்குது! இறக்கும்!”

“ஓலை வேணும் அரசே. முத்திரையும்.”

“காளத்தி, சீக்கிரம்!”

“பெட்டிச் சாவி... வீட்டுல இருக்கு அரசே.”

ராஜா குழந்தையைச் சிம்மாசனத்துல விட்டுட்டுப் பாய்ஞ்சு பாத்திரத்தை இறக்கினார். விரல் வெந்துபோச்சு. யாரும் அசையல. சிலம்பாயி மட்டும் ஓடி வந்து, தண்ணி ஊத்தி, அந்தக் கையைப் பிடிச்சு ஊதினா.

“உத்தரவு கேட்டியாம்மா?” என்றார் செங்கோடர்.

“சுடும்போது யாருய்யா கேப்பா?”

ராஜா வெந்த விரலைப் பார்த்தார். அப்புறம் மெதுவா, “நீ எங்கேயும் போக வேணாம் தாயி. உன் மதகை இனி நீயே திற. பொன் தர்றேன், வாங்கிக்கோ” என்றார்.

“பொன் வேணாம் ராஜா. எனக்கு மட்டும் சொன்னா எப்படி? மத்த ஏரியில எல்லாம் யாரோ ஒருத்தர் இப்படித்தானே நனைஞ்சுட்டு நிக்கிறாங்க?”

அன்னைக்கே சட்டம் மாறுச்சு: கரையில நிக்கிறவங்க சொல்தான் உத்தரவு. திறந்துட்டுச் சொல்லி அனுப்பினா போதும்.

“காளத்தி, மழை முடியிறவரைக்கும் நீரும் இந்தம்மாவோட கரைக் காவலுக்குப் போம்” என்றார் ராஜா.

காளத்திக்கு முகம் செத்துப்போச்சு. சிலம்பாயி அவரைப் பார்த்தா.

“வாங்கய்யா. செருப்பை மட்டும் கழட்டிடுங்க, வழுக்கும். என் கையைப் பிடிச்சுக்கோங்க.”